ஊரில் வைப்புக் கணக்கு: சிங்கப்பூர்த் தமிழர்களின் கேள்விகளுக்குப் பதில்கள்

இந்திய வங்கி ஒன்றின் வெளிநாடுவாழ் இந்தியர் பிரிவில் பல ஆண்டுகள் பணியாற்றியவன் என்பதால், நண்பர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். வட்டி எவ்வளவு என்றுதான் பெரும்பாலோர் முதலில் கேட்கிறார்கள். பணம் எந்த வகைக் கணக்கில் நுழைகிறது என்பதை அதற்கு முன்பே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள் என்பது என் வேண்டுகோள்.

கேள்வி (யீஷூன், கட்டுமான மேற்பார்வையாளர்): ஐயா, நான் 2021இல் இங்கே வேலைக்கு வந்தேன். கல்லூரிக் காலத்தில் பட்டுக்கோட்டையில் தொடங்கிய சேமிப்புக் கணக்கிற்கே மாதாமாதம் பணம் அனுப்பி, அதிலிருந்து பிக்சட் டெபாசிட்டும் போட்டிருக்கிறேன். இதில் தவறு உண்டா?

பதில்: உண்டு தம்பி, ஆனால் சரிசெய்யக்கூடிய தவறுதான். வேலைக்காக வெளிநாடு சென்றவர் உள்ளூர்வாசிக்கு உரிய சேமிப்புக் கணக்கைத் தொடர்ந்து வைத்திருப்பதை, 1999ஆம் ஆண்டின் அந்நியச் செலாவணி மேலாண்மைச் சட்டத்தின் கீழ் உள்ள விதிகள் அனுமதிப்பதில்லை. அதை என்ஆர்ஓ கணக்காக, அதாவது இந்தியாவில் கிடைக்கும் வருவாய்க்காக வெளிநாடுவாழ் இந்தியர் வைத்திருக்கும் கணக்காக மாற்ற வேண்டும். கடவுச்சீட்டு, வேலை அனுமதி அட்டை, சிங்கப்பூர் முகவரிச் சான்று, பான் அட்டை ஆகியவற்றின் நகல்களோடு கிளைக்கு எழுதுங்கள். டெபாசிட்டும் சேர்ந்தே மாறிவிடும். இனி அனுப்பும் சம்பளப் பணத்திற்குத் தனியாக ஓர் என்ஆர்இ கணக்கை, அதாவது வெளிநாட்டு வருவாய்க்கு உரிய கணக்கைத் தொடங்குங்கள்.

நானும் இங்கு வந்த புதிதில் ஊர்க் கிளைக்குச் சொல்லாமல் மூன்று ஆண்டுகள் இருந்துவிட்டேன். வீடு வாங்க அந்தப் பணத்தை இங்கே கொண்டுவர முயன்றபோது, எது சம்பளம், எது அப்பா கொடுத்த நிலக் குத்தகைப் பணம் என்று ஒவ்வொரு வரவுக்கும் சான்று தேட வேண்டியதாயிற்று. பாஸ்புக்கின் வரிகளில் பென்சிலால் குறியிட்டுக்கொண்டு இரவுகளில் உட்கார்ந்திருந்த சிரமம் உங்களுக்கு வேண்டாம் என்பதாலேயே இதை விரிவாக எழுதுகிறேன்.

கேள்வி (செங்காங், தாதி): என்ஆர்இ, என்ஆர்ஓ, எஃப்சிஎன்ஆர் ஆகிய மூன்றில் எதைத் தேர்ந்தெடுப்பது? ஊரில் ஏழு விழுக்காடு கிடைக்கிறது என்கிறார்களே?

பதில்: வெளிநாட்டிலிருந்து வரும் பணத்திற்கு உரியது என்ஆர்இ. அது ரூபாய்க் கணக்கு. அதன் வட்டிக்கு நீங்கள் வெளிநாட்டில் வசிக்கும்வரை இந்தியாவில் வருமான வரி இல்லை. அசலையும் வட்டியையும் தடையின்றித் திரும்பக் கொண்டுவரலாம். வாடகை, ஓய்வூதியம் என்று இந்தியாவிலேயே கிடைக்கும் வருவாய்க்கு உரியது என்ஆர்ஓ. அதன் வட்டிக்கு வரி உண்டு. அதிலிருந்து வெளியே கொண்டுசெல்ல நிதியாண்டுக்குப் பத்து லட்சம் அமெரிக்க டாலர் என்ற வரம்பும், வரி செலுத்தியதற்கான படிவங்களும் உண்டு. எஃப்சிஎன்ஆர் என்பது ஓராண்டு முதல் ஐந்தாண்டு வரை வெளிநாட்டு நாணயத்திலேயே வைக்கும் டெபாசிட். சில வங்கிகள் சிங்கப்பூர் வெள்ளியிலும் (டாலரிலும்) ஏற்கின்றன.

ஏழு விழுக்காடு என்பதைச் சற்று நிதானமாகப் பார்ப்போம் அம்மா. 2016இல் ஒரு வெள்ளி ஏறத்தாழ 48 ரூபாய். அன்று ஆயிரம் வெள்ளியை 48,000 ரூபாயாக்கி, ஆண்டுக்கு ஏழு விழுக்காடு கூட்டுவட்டியில் ஒன்பது ஆண்டுகள் விட்டுவைத்ததாகக் கொண்டால், 2025இல் அது சுமார் 88,000 ரூபாயாகியிருக்கும். ஆனால் 2025இல் வெள்ளியின் மதிப்பு 65 ரூபாயைத் தாண்டிவிட்டது. 67 ரூபாய் என்று வைத்து மாற்றினால் கையில் வருவது ஏறக்குறைய 1,317 வெள்ளி. அதாவது வெள்ளிக் கணக்கில் ஆண்டுக்கு மூன்று விழுக்காட்டைச் சற்றே தாண்டிய வளர்ச்சிதான். மாற்றுக் கட்டணம் போனால் இன்னும் குறையும். ஆகவே ஊரிலேயே செலவாகப்போகும் பணத்தை, அதாவது பெற்றோர் மருத்துவச் செலவையோ வீட்டுக் கட்டுமானத்தையோ மனத்தில் வைத்துச் சேர்ப்பதை, என்ஆர்இயில் போடுங்கள். பிள்ளைகளின் படிப்புக்கு இங்கே தேவைப்படும் பணத்தை வட்டி விகிதத்தை மட்டும் பார்த்து ரூபாயாக மாற்றாதீர்கள்.

இன்னொன்று, என்ஆர்இ டெபாசிட்டை ஓராண்டுக்கு முன்பே முறித்தால் வட்டியே கிடையாது.

கேள்வி (ஜூரோங் வெஸ்ட்): திருநெல்வேலியில் இருக்கும் அம்மாவை என் என்ஆர்இ கணக்கில் சேர்க்க முடியுமா? அவரே எனக்காகக் கணக்கைத் தொடங்கிவிடலாமா?

பதில்: கணக்கை நீங்களே தொடங்க வேண்டும், அதிகாரப் பத்திரம் வைத்திருப்பவர்கூட உங்களுக்காகத் தொடங்க இயலாது. அம்மாவை நெருங்கிய உறவினர் என்ற முறையில் கூட்டாகச் சேர்க்கலாம். ஆனால் முதல் உரிமையாளர் நீங்கள். உங்களுக்குப் பின்னரே அவருக்கு உரிமை. உங்கள் காலத்தில் அவர் மருந்துக்கும் மளிகைக்கும் பணம் எடுக்க வேண்டுமானால் எழுத்து மூலம் அதிகாரம் கொடுங்கள். நியமனதாரர் (நாமினி) பெயரையும் மறவாமல் எழுதுங்கள். 2025 நவம்பர் முதல் நான்கு பேர் வரை குறிப்பிடலாம்.

கேள்வி (பொத்தோங் பாசிர்): என் என்ஆர்ஓ வட்டியில் 31.2 விழுக்காடு பிடித்துவிட்டார்கள். குறைக்க வழி உண்டா?

பதில்: உண்டு. முப்பது விழுக்காடு வரியும் அதன்மேல் நான்கு விழுக்காடு கூடுதல் தீர்வையும் சேர்ந்ததே அந்த 31.2. இந்தியாவும் சிங்கப்பூரும் செய்துகொண்ட இரட்டை வரிவிதிப்புத் தவிர்ப்பு உடன்பாட்டின்படி, தனிநபரின் வட்டிக்கு வரி பதினைந்து விழுக்காட்டைத் தாண்டக்கூடாது. சிங்கப்பூர் உள்நாட்டு வருவாய் ஆணையத்திடம் வரிநோக்கில் இங்கு வசிப்பவர் என்ற சான்றிதழைப் பெற்று, இந்திய வருமான வரித் துறை கேட்கும் படிவத்தோடு வங்கிக்குக் கொடுங்கள். சான்றிதழை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். நிதியாண்டின் தொடக்கத்திலேயே கொடுப்பது நல்லது. ஏற்கெனவே கூடுதலாகப் பிடித்ததை வரிக் கணக்கு தாக்கல் செய்து திரும்பக் கேட்கலாம்.

கேள்வி (தெம்பனிஸ்): நான் இப்போது சிங்கப்பூர்க் குடிமகன். எனக்கும் இவை பொருந்துமா?

பதில்: இந்திய வம்சாவளியினர் என்ற முறையில் பொருந்தும். ஆனால் பிபிஎஃப் எனப்படும் பொது வருங்கால வைப்பு நிதிக் கணக்கைப் புதிதாகத் தொடங்க இயலாது.

கேள்வி (சிராங்கூன் சாலை, கடைக்காரர்): இங்கேயே இந்திய வங்கிகளின் கிளைகள் இருக்கின்றனவே, அங்கே போட்டாலும் ஒன்றுதானே? பணத்துக்குப் பாதுகாப்பு எவ்வளவு?

பதில்: ஒன்றல்ல ஐயா. இந்தியன் வங்கியும் இந்தியன் ஓவர்சீஸ் வங்கியும் 1941இலேயே இங்கு கிளை திறந்தவை என்பதால், அவற்றை நம் ஊர் வங்கியாகவே பலரும் நினைக்கிறார்கள். ஆனால் இங்குள்ள கிளையில் வெள்ளியாகப் போடும் பணம் சிங்கப்பூர்ச் சட்டத்துக்கு உட்பட்டது. அதற்கு, 2024 ஏப்ரல் முதல், ஒரு வங்கியில் ஒருவருக்கு 100,000 வெள்ளி வரை வைப்புக் காப்புறுதி உண்டு. வெளிநாட்டு நாணய டெபாசிட்டுகளுக்கு அந்தக் காப்புறுதி இல்லை. இந்தியாவில் உள்ள கிளையின் என்ஆர்இ, என்ஆர்ஓ கணக்குகளுக்கு, அசலும் வட்டியும் சேர்த்து ஒரு வங்கியில் ஒருவருக்கு ஐந்து லட்சம் ரூபாய் வரையே காப்பீடு. ஒரே வங்கியின் எத்தனை கிளைகளில் பிரித்துப் போட்டாலும் இந்த வரம்பு மாறாது. பெரிய தொகையானால் இரண்டு மூன்று வங்கிகளில் பிரித்து வையுங்கள்.

கேள்வி (உட்லண்ட்ஸ்): அடுத்த ஆண்டு நிரந்தரமாக ஊர் திரும்புகிறோம். டெபாசிட்டுகளை முறித்துவிட வேண்டுமா?

பதில்: அவசரப்பட்டு முறிக்காதீர்கள். எஃப்சிஎன்ஆர் டெபாசிட்டை முதிர்வு நாள் வரை ஒப்பந்த வட்டியிலேயே தொடரலாம். என்ஆர்இ கணக்கை உள்ளூர்வாசிக் கணக்காகவோ, வெளிநாட்டு நாணயத்தில் வைத்திருக்க விரும்பினால் ஆர்எஃப்சி கணக்காகவோ மாற்ற வேண்டும். திரும்பியதும் வங்கிக்குத் தெரிவியுங்கள். இங்குள்ள கைப்பேசி எண்ணை ரத்து செய்வதற்கு முன், வங்கியில் பதிந்துள்ள எண்ணை இந்திய எண்ணாக மாற்றிவிடுங்கள்.