‘மறுகா’வில் என்ன குறை?

வணக்கம் அக்கா,
மட்டக்களப்பிலிருந்து மாற்றலாகி கொழும்பு வெள்ளவத்தைக்கு வந்து இரண்டு மாதம். மகள் தரம் 8. தவணையின் நடுவில்தான் சேர்த்தோம். வாயைத் திறந்தால் சிரிக்கிறார்களாம். ‘பிறகு’ என்பதற்கு எங்கள் ஊர்ப் பேச்சில் ‘மறுகா’ என்பாள், அதையே பட்டப்பெயராக வைத்துவிட்டார்கள். இடைவேளையில் தனியாகத்தான் சாப்பிடுகிறாள். கொழும்புப் பேச்சு வரட்டும் என்று வீட்டில் திருத்திக்கொண்டு வருகிறேன். பிறந்தநாளுக்கு வகுப்பு முழுக்க கேக் கொடுக்கவா, வகுப்பை மாற்றிக் கேட்கவா?

அன்புள்ள தங்கச்சி,
கேக் வேண்டாம், தின்ற கையோடு மறந்துவிடுவார்கள். வகுப்பு மாற்றமும் வேண்டாம். பட்டப்பெயர் அவளுக்கு முன்பே பக்கத்து வகுப்புக்குப் போய் உட்கார்ந்திருக்கும்.

எனக்குக் கோபம் வந்தது ‘வீட்டில் திருத்துகிறேன்’ என்ற இடத்தில்தான். சிரிக்கிற பிள்ளைகளுக்கு வயது பதின்மூன்று. உங்களுக்கு என்ன வந்தது?

‘மறுகா’ வேறொன்றுமில்லை, மறுகால். இந்தக் ‘கால்’ தடவையைக் குறிப்பது. மறுதடவை என்பதுதான் மட்டக்களப்பில் ‘பிறகு’ ஆகி நிற்கிறது. கேலி பண்ணும் பிள்ளைகள் ‘கொப்பிய ஒருக்கா தா’ என்று கேட்பதில்லையா? அந்த ‘ஒருக்கா’வும் ஒருகால்தான். ஒரு வயிற்றில் பிறந்த இரண்டு சொற்கள், ஒன்றுக்கு மட்டும் எப்படிச் சிரிப்பு வரும்? ‘பிறகு’ என்பதற்கு யாழ்ப்பாணத்தவர் சொல்லும் ‘பேந்து’வும் பெயர்ந்து என்பதன் தேய்வு. அதைச் சொல்லிக்கொண்டு வெள்ளவத்தைச் சந்தையில் மீன் வாங்குகிறவர்களை யாரும் திருத்தப் போவதில்லை. கொழும்புப் பேச்சு என்கிறீர்களே, அது யாழ்ப்பாணமும் மலையகமும் கொஞ்சம் சிங்களமும் கலந்த கலவை. எதைப் பார்த்துப் பழக்குவீர்கள்?

திருத்தினால் நடப்பது இதுதான்: பிள்ளை ஒவ்வொரு வசனத்தையும் மனதுக்குள் மாற்றிப் பார்த்துவிட்டுத்தான் வாயைத் திறப்பாள். அதற்குள் கதை அடுத்த விஷயத்துக்குப் போய்விடும். அவள் பேசாமல் இருந்துவிடுவாள். நாலு நாளில் ‘பெருமைக்காரி’ என்ற இரண்டாவது பெயரும் வந்து சேரும். முதல் பெயரை விட இது கழுவக் கஷ்டமானது.

வகுப்பாசிரியரைப் பாருங்கள், ஆனால் வகுப்புக்கு முன்னால் யாரையும் ஏசச் சொல்லாதீர்கள். மகளுக்குத்தான் ‘மாட்டிக் குடுக்கிறவள்’ என்ற பெயர் கிடைக்கும். கேட்க வேண்டியது ஒன்றுதான்: முதல் வரிசையில் ஆசிரியரின் மேசையடியில் இருத்தாமல், இரண்டாம் மூன்றாம் வரிசையில், இரு பக்கமும் பிள்ளைகள் வரும்படி ஒரு இடம்.

வகுப்பு முழுவதையும் பிடிக்கப் போக வேண்டாம், ஒருத்தி போதும். ஒரே பாடசாலை வானில் வருகிறவள் அல்லது ஒரே ஒழுங்கையில் இருக்கிறவள். தவணை நடுவில் வந்ததால் பாடக்குறிப்பு விடுபட்டிருக்கும். அதை அவளிடம் கேட்கட்டும், ஒரு பாடத்துக்கு மட்டும். அன்றிரவே எழுதி, மறுநாள் மணியடிக்க முன் திருப்பிக் கொடுக்க வேண்டும். இரண்டு நாள் வைத்திருந்தால், மட்டை மடங்கினால், அடுத்த கொப்பி வராது.

இடைவேளை இருபது நிமிடம் என்றால் முதல் ஐந்தில் கூட்டம் கூடிவிடும். அதற்குப் பிறகு போய் நின்றால் இடம் இருக்காது, ஆகவே மணி அடித்ததும் அந்த ஒருத்தியோடு எழும்ப வேண்டும். பெட்டியில் இரண்டு கடலை வடை கூட வையுங்கள். சோறு என்றால் கை மாற்றிக் கொடுக்க முடியாது. வெள்ளிக்கிழமையில் மீன் கட்லட் மட்டும் வேண்டாம், சைவக்காரப் பிள்ளைகள் தொடமாட்டார்கள்.