ஓர் இரட்டைக் கண்ணாடி ஜன்னலை மட்டும் மாற்றுவது: கடலோர வீட்டுக்காரர்களின் கேள்விகளும் பதில்களும்

தொண்டியிலிருந்து வாலிநோக்கம் வரை கடலோர வீட்டுக்காரர்கள் கேட்ட கேள்விகளுக்கு, யூபிவிசி (கெட்டியான பிளாஸ்டிக்) ஜன்னல் வேலை தெரிந்த ஒருவர் பதில் சொல்கிறார்.

கீழக்கரை: காக்கா (அண்ணன்), மாடி பெட்ரூம் ஜன்னலில் இரண்டு கண்ணாடிக்கும் நடுவில் வெள்ளையாகப் படர்ந்திருக்கிறது. உள்ளே துடைத்தாலும் வெளியே துடைத்தாலும் போகவில்லை. ஃப்ரேமோடு பெயர்த்துவிட்டுப் புதிதாக வைக்கணும் என்கிறார் ஃபிட்டர். மற்ற ஐந்து ஜன்னலும் நன்றாக இருக்கின்றன. வேறு வழி உண்டா?

பதில்: உண்டு. கண்ணாடியை மட்டும் மாற்றினால் போதும், ஃப்ரேம் சுவரிலேயே இருக்கட்டும்.

இரட்டைக் கண்ணாடி என்பது மூடி ஒட்டப்பட்ட ஒரு பெட்டி. இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே அலுமினியப் பட்டை ஓடும். அதற்குள் ஈரம் உறிஞ்சும் மணிகள் இருக்கும். ஓரத்தில் முதலில் பியூட்டைல் பசை, அதற்கு வெளியே சிலிக்கான் அல்லது பாலிசல்ஃபைடு. இந்த ஓரப் பூச்சு விட்டுப்போனால் ஈரக்காற்று உள்ளே நுழையும், மணிகள் நிறைந்துபோகும், பிறகு பனி படரும். கெட்டது அந்தப் பெட்டி மட்டும்தான்.

உங்கள் ஜன்னல் ஸ்லைடிங் என்று வைத்துச் சொல்கிறேன். ஷட்டரை, அதாவது கண்ணாடியைப் பிடித்து நகரும் சட்டத்தை, மேல் ட்ராக்குக்குள் தூக்கி, அடிப்பக்கத்தை உங்களை நோக்கி இழுத்தால் வெளியே வரும். தூக்கவிடாமல் மேலே ஒரு பிளாஸ்டிக் கட்டை திருகியிருந்தால் முதலில் அதைக் கழற்றுங்கள். எடை தெரிந்துகொண்டு தூக்குங்கள்: கண்ணாடி ஒரு சதுர மீட்டருக்கு, ஒரு மில்லிமீட்டர் தடிமனுக்கு 2.5 கிலோ. 600க்கு 1200 மி.மீ. ஷட்டரில் 5+5 மி.மீ. கண்ணாடி என்றால் அதுவே 18 கிலோ. இரண்டு பேர் வேண்டும், கையுறை வேண்டும்.

ஷட்டரைப் போர்வை விரித்த மேசையில் படுக்க வையுங்கள். கண்ணாடியைச் சுற்றி அழுத்திப் பொருத்திய பீடிங் பட்டைகள் நான்கு இருக்கும். நீளமானதில், அதுவும் நடுவில், பட்டி பிளேடை நுழைத்து நெம்புங்கள். நடுவில் வில்லாக வளைந்தால்தான் மூலைகள் விடும். மூலையில் நெம்பினால் பீடிங் உடையும், அதே அச்சில் மறுபடி கிடைப்பது கஷ்டம். நீளமான இரண்டும் வந்தபின் குட்டையான இரண்டு. எது எந்தப் பக்கத்தது என்று பென்சிலால் எழுதிவையுங்கள்.

பழைய கண்ணாடியை எடுத்ததும் புதியதற்கு அவசரப்படாதீர்கள். அது எதன்மேல் உட்கார்ந்திருந்தது என்று பாருங்கள். பிளைவுட் துண்டோ ரீப்பர் துண்டோ இருந்தால் பாதிக் காரணம் கிடைத்துவிட்டது. மரம் தண்ணீரில் ஊறிப் பூச்சின்மேலேயே ஈரத்தைப் பிடித்து வைக்கும். பிளாஸ்டிக் பேக்கர்தான், அதாவது கண்ணாடிக்கு முட்டுக்கொடுக்கும் துண்டுதான், போட வேண்டும், கிட்டத்தட்ட 100 மி.மீ. நீளம். அகலம் மொத்தக் கண்ணாடித் தடிமனுக்குக் குறையக் கூடாது. ஒரு கண்ணாடி மட்டும் பேக்கர்மேல் நின்று மற்றது தொங்கினால், அந்த எடை ஓரப் பூச்சைக் கத்தரிபோல் இழுத்துப் பிரிக்கும்.

மீதிக் காரணம் ஷட்டரின் அடியிலும் ட்ராக்கிலும் இருக்கும் நீள ஓட்டைகள். தண்ணீர் வெளியேற வைத்தவை அவை. மணலும் உப்பும் சேர்ந்து அடைத்திருக்கும், அல்லது யாராவது சிலிக்கான் வைத்து அடைத்திருப்பார்கள். கண்ணாடியின் அடி ஓரம் தண்ணீரில் நின்றால் எந்தப் பூச்சும் தாங்காது. அடி ஓட்டையை அடைக்காதீர்கள். ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றி, அது வெளியே வழிகிறதா என்று பார்த்த பிறகுதான் புதுக் கண்ணாடி. பேக்கரும் ஓட்டைமேல் உட்காரக் கூடாது.

பீடிங்கைத் திரும்பப் போடும்போது குட்டையானவை முதலில், நீளமானவை பிறகு. நைலான் சுத்தியலால் ஃப்ரேம் பக்கம் சாய்த்துத் தட்டுங்கள், கண்ணாடி பக்கம் அல்ல.

பெரியபட்டினம்: அளவு எடுப்பது எப்படி? ஆசாரி நூல் கணக்கில் எழுதித் தந்திருக்கிறார்.

பதில்: நூல் கணக்கு இதற்கு ஆகாது. ஒரு நூல் 3 மி.மீ.க்கு மேல். மில்லிமீட்டரில் எடுங்கள். பீடிங்கைக் கழற்றிவிட்டு, கண்ணாடி உட்காரும் பள்ளத்தின் அகலத்தை மேல், நடு, கீழ் என மூன்று இடத்தில் அளந்து சிறியதை எடுத்துக்கொள்ளுங்கள். உயரமும் அப்படியே. இரண்டிலும் 10 மி.மீ. கழியுங்கள், பக்கத்துக்கு 5. மூலைக்கு மூலை இரண்டு பக்கமும் அளந்து ஒத்துப்போகிறதா பாருங்கள். மொத்தத் தடிமன் மிக முக்கியம். கண்ணாடி, இடைவெளி, கண்ணாடி என்று 5+12+5 என்றால் 22, 6+12+6 என்றால் 24. பழையது 20 ஆக இருந்தால் உங்கள் பீடிங் 20க்கானது, 24 வாங்கி வந்தால் மூடாது. டஃபன்ட் (சூடாக்கி வலுவூட்டிய) கண்ணாடியைத் தயாரான பிறகு அரை மில்லிமீட்டர்கூட வெட்ட முடியாது என்பதால் அளவு தவறினால் பணம் போனதுதான்.

தொண்டி: என்ன விலை ஆகும்?

பதில்: விலையை இங்கே சொல்வது சரியாக இராது. இப்படி எழுதிக் கொடுத்து இரண்டு இடத்தில் கேளுங்கள்: அகலம், உயரம், 5 டஃபன்ட் + 12 இடைவெளி + 5 டஃபன்ட், மொத்தம் 22, ஓரப் பூச்சு சிலிக்கானா பாலிசல்ஃபைடா, லோ-இ பூச்சு (வெப்பத்தைத் திருப்பும் மெல்லிய படலம்) உண்டா, கண்ணாடியின் எந்த முகத்தில்.

ஏர்வாடி: எந்த சிலிக்கான் வாங்குவது? கடையில் எல்லாம் ஒன்றுதான் என்கிறார்கள்.

பதில்: ஒன்றல்ல. வினிகர் நெடி அடிப்பது அசிட்டிக் வகை. அந்த அமிலம் கண்ணாடி ஓரத்துப் பசையைக் கெடுக்கும், இரும்பை அரிக்கும், சிமென்ட்டிலும் சரியாக ஒட்டாது. ட்யூபில் ‘நியூட்ரல்’ என்று அச்சிட்டதை வாங்குங்கள். அதுவும் ஃப்ரேமுக்கும் சுவருக்கும் இடையில்தான். கண்ணாடிப் பள்ளத்துக்குள் சிலிக்கான் நிரப்புவது தண்ணீர் போகும் வழியை அடைப்பதுதான்.

பாம்பன்: அண்ணே, ஓட்டையை அடைக்காதே என்று திரும்பத் திரும்பச் சொல்கிறீர்கள். எங்கள் வீடு தென்கடலைப் பார்த்தது. கச்சான் காற்று வீசும்போது மழையும் சேர்ந்தால் அந்த ஓட்டை வழியாகத்தான் தண்ணீர் குமிழி விட்டு உள்ளே வருகிறது. அடைத்த பிறகுதான் தரை நனையவில்லை. கடற்கரைக்கு உங்கள் விதி பொருந்தாது.

பதில்: நீங்கள் பார்த்தது உண்மை. குமிழி வருவது காற்றழுத்தத்தால். மணிக்கு 50 கி.மீ. காற்று நேராக மோதினால் ஏறக்குறைய 12 மி.மீ. உயரத் தண்ணீரைத் தள்ளி நிறுத்தும். வேகம் இரட்டித்தால் அழுத்தம் நான்கு மடங்கு: 100 கி.மீ.க்கு 47 மி.மீ. அதாவது பலத்த காற்றில் ட்ராக்கில் தண்ணீர் அந்த உயரத்துக்கு ஏறி நிற்கும், காற்று தணிந்ததும் ஓட்டை வழியாக வெளியே இறங்கும். ட்ராக்கின் உள்விளிம்பு அதைவிட உயரமாக இருந்தால் தரை நனையாது. உங்களுடையது எவ்வளவு?

மண்டபம்: நாங்களும் மூன்று வருஷமாக அடைத்துத்தான் வைத்திருக்கிறோம். கண்ணாடிக்கு ஒன்றும் ஆகவில்லையே. பாம்பன்காரர் சொல்வதில் நியாயம் இருக்கிறது.

பதில்: மழைக்கு மறுநாள் ஷட்டரைத் தூக்கி அடியைத் தொட்டுப் பாருங்கள், தண்ணீர் நிற்கும். ஸ்லைடிங்கில் ஷட்டர் ஓரங்களில் இருப்பது பிரஷ், அது மழையை முழுதாகத் தடுக்காது. ஓட்டையை அடைத்தாலும் தண்ணீர் மேலிருந்து வந்துகொண்டுதான் இருக்கும், போக வழி மட்டும் இல்லை. ஓரப் பூச்சு ஒரே நாளில் விடாது. மணிகள் நிறையும்வரை கண்ணாடி தெளிவாகவே தெரியும். அதோடு யூபிவிசிக்குள் இருக்கும் ஜிஐ (நாகம் பூசிய இரும்பு) பட்டையின் வெட்டு முனைகளில் நாகப்பூச்சு இல்லை. உப்புத்தண்ணீர் நின்றால் துரு அங்கிருந்துதான் தொடங்கும்.

பாம்பன்: அளந்தேன். உள்விளிம்பு 30 மி.மீ.

பதில்: 30 மி.மீ. என்றால் ஏறக்குறைய 80 கி.மீ. காற்றுவரை தாங்க வேண்டும். சாதாரணக் கச்சானுக்கே உள்ளே வருகிறது என்றால் வேறு குறை இருக்கிறது. மூன்றைப் பாருங்கள். ஒன்று, வெளி ஓட்டையும் உள் ஓட்டையும் நேருக்கு நேர் இருக்கிறதா? இருந்தால் காற்று நேராகப் பீச்சும். இரண்டும் தள்ளித் தள்ளி இருக்க வேண்டும். இரண்டு, வெளி ஓட்டைக்கு மடிப்பு மூடி இருக்கிறதா? காற்று அடித்தால் மூடிக்கொண்டு, தண்ணீர் வந்தால் திறக்கும் சின்னப் பிளாஸ்டிக் மூடி அது. மணல் பறக்கிற இடத்தில் மாதம் ஒருமுறை கழுவ வேண்டும். மூன்று, பூட்டு முழுதாக விழுகிறதா? பூட்டாத ஷட்டரைக் காற்று பின்னுக்குத் தள்ளும்.

ராமேஸ்வரம், கொத்தனார்: ஒரு விஷயம் விட்டுப்போச்சு. பல வீட்டில் ஜன்னல் அடிக்கட்டையின் சிமென்ட் பூச்சு ஓட்டைக்கு மேலே ஏறி நிற்கும். ஃப்ரேம் வைத்த பிறகு பூசுவதால் வரும் கோளாறு. மட்டமும் உள்பக்கம் சாய்ந்திருக்கும். தண்ணீர் எங்கே போகும்?

பதில்: மிகச் சரி, இதை நானே முதலில் சொல்லியிருக்க வேண்டும். வெளிக்கட்டை ஓட்டைக்குக் கீழே தொடங்கி வெளிப்பக்கம் சரிய வேண்டும். ரசமட்டம் வைத்துப் பாருங்கள். ஏறி நின்றால் உளியால் செதுக்கிச் சரிவாகப் பூசிக்கொள்ளலாம். கண்ணாடி மாற்றும் செலவோடு ஒப்பிட்டால் இது சின்ன வேலை.

பாம்பன்: எங்கள் வீட்டில் பூச்சு ஏறித்தான் இருக்கிறது. செதுக்கிப் பார்க்கிறேன். ஆனால் காற்று அடங்கும்வரை ஓட்டையைத் திறக்க மாட்டேன்.

பதில்: வரிசையைத் தலைகீழாக்காதீர்கள். செதுக்கும் அன்றே திறந்துவிடுங்கள். ஐப்பசி மழைக்கு முன் முடியுங்கள்.

உச்சிப்புளி: ஐ.என்.எஸ். பருந்து கடற்படை விமானத் தளம் பக்கம் வீடு. சத்தம் குறைய இரட்டைக் கண்ணாடி போதுமா?

பதில்: இரண்டும் ஒரே தடிமனாக இருந்தால் ஒரே சுருதிக்கு இரண்டும் அதிரும். 6+12+4 போல வேறுபடுத்துங்கள், முடிந்தால் ஒன்றை லேமினேட்டட் (நடுவே பிளாஸ்டிக் படலம் வைத்து ஒட்டியது) ஆக்குங்கள். ஹெலிகாப்டரின் கனத்த ஒலியை 12 மி.மீ. இடைவெளி பெரிதாகத் தடுக்காது. ஸ்லைடிங்கின் பிரஷ் வழியாகச் சத்தம் வந்துகொண்டே இருக்கும். ரப்பர் அழுந்தி மூடும், கதவுபோல் திறக்கும் ஜன்னல்தான் வித்தியாசம் காட்டும்.

அந்த வகையில் பேக்கர் வைப்பது வேறு. எடை முழுதும் கீல் பக்கக் கீழ்மூலையில் இறங்க வேண்டும். ஆகவே கீல் பக்கம் அடியில் ஒன்று, அதற்கு எதிர்மூலையில், கைப்பிடிப் பக்கம் மேலே ஒன்று இறுக்கமாக வையுங்கள். இல்லாவிட்டால் ஷட்டர் தொங்கி அடியில் உரசும். கீல், திருகு எல்லாம் 316 வகை ஸ்டெயின்லெஸ். கடல் அருகில் 304கூடப் பழுப்புப் புள்ளி விடும்.

தேவிபட்டினம்: பழைய அலுமினிய ஸ்லைடிங்கில் இரட்டைக் கண்ணாடி போடலாமா?

பதில்: முடியாது. அந்தப் பள்ளம் ஒற்றைக் கண்ணாடிக்கானது, ரோலரும் எடை தாங்காது.

கீழக்கரை, இன்னொருவர்: கண்ணாடியில் துளை போட்டு உலர்த்திவிடலாம் என்கிறார்களே?

பதில்: டஃபன்ட் கண்ணாடியில் துளையிட்டால் முழுதும் நொறுங்கும். சாதாரணக் கண்ணாடியில் போட்டாலும் நிறைந்த மணிகள் காலியாகாது, பனி திரும்ப வரும். நீண்ட நாள் ஈரத்தில் கண்ணாடியே அரித்து வந்த வெள்ளைக் கறையும் போகாது.

சேதுக்கரை: துளை போட்டு வடிகால் வைத்தால்?

பதில்: மேலே சொன்னதுதான். வேண்டாம்.

தங்கச்சிமடம்: அண்ணே, விடிகாலையில் கண்ணாடியின் வெளிப்பக்கம் பனி. எங்களுடையதும் போச்சா?

பதில்: துடைத்தால் போகிறதா? போனால் கண்ணாடி நன்றாக இருக்கிறது. ஏசி உள்ளே குளிர்விக்க, வெளியே கடல் ஈரம் கண்ணாடியில் படிகிறது. ஒற்றைக் கண்ணாடியில் இது இன்னும் அதிகமாக இருக்கும்.

கீழக்கரை, வேறொருவர்: உண்மையைச் சொல்லுங்கள் காக்கா. நம் ஊருக்கு இது தேவையா? வளைகுடாவில் பார்த்துவிட்டு இங்கேயும் வைக்கிறோம்.

பதில்: பகல் முழுதும் ஜன்னலைத் திறந்துவைத்துக் கடல்காற்று வாங்கும் அறைக்குத் தேவையில்லை. இரவெல்லாம் ஏசி ஓடும் அறைக்குப் பயன் உண்டு. கண்ணாடி வழியே கடக்கும் வெப்பம், ஒரு சதுர மீட்டருக்கு ஒரு டிகிரி வித்தியாசத்துக்கு, ஒற்றையில் 5.7 வாட் அளவில், இரட்டையில் 2.8 அளவில். ஆனால் நேர் வெயில் வேறு கணக்கு. வெறும் தெளிவான இரட்டைக் கண்ணாடி வெயிலை ஒற்றையைவிடக் கொஞ்சம்தான் குறைக்கும். மேற்குப் பார்த்த ஜன்னலுக்கு வெளியே ஒரு தட்டியோ சாய்ப்போ போடுவது அதைவிட நன்றாக வேலை செய்யும்.

லோ-இ பூச்சு இருந்தால் அது வெளிக்கண்ணாடியின் உள்முகத்தில் வர வேண்டும். இரவில் உள்ளே நின்று லைட்டர் பிடித்தால் நான்கு சுடர் தெரியும். நிறம் மாறித் தெரிவது பூச்சுள்ள முகம். உள்ளிருந்து எண்ணினால் மூன்றாவதாக வர வேண்டும். பீடிங் அடிக்கும் முன் இதைப் பாருங்கள், திருப்பி வைப்பதுதான் அடிக்கடி நடக்கும் தவறு.

வாலிநோக்கம்: ஃப்ரேமே உடைந்துவிட்டது. அதை மாற்றுவதானால்?

பதில்: அப்போது முழு ஜன்னல்தான். சுவருக்கும் ஃப்ரேமுக்கும் பக்கத்துக்கு 5 முதல் 10 மி.மீ. இடைவெளி விட்டு அளவு கொடுங்கள். மூலையிலிருந்து 150 மி.மீ. தள்ளி முதல் திருகு, பிறகு 600க்கு மேல் இடைவெளி கூடாது. இடைவெளியில் ஃபோம், அது காய்ந்ததும் வெட்டி வெளியே நியூட்ரல் சிலிக்கான். ஃபோமை வெயிலில் திறந்து விட்டால் உதிர்ந்துபோகும்.

தொண்டி, இன்னொருவர்: ட்ராக் ஓட்டை வழியாக எறும்பு வருகிறது. சிலிக்கான் வைத்து...

பதில்: வேண்டாம். மடிப்பு மூடி போடுங்கள்.