கராஜ் கேள்வி பதில்: டைமிங் பெல்ட் மாற்ற உளியும் சுத்தியலும் போதுமா?

கேள்வி: அண்ணன், என்னிடம் இருப்பது டொல்பின் வான், 3எல் டீசல் எஞ்சின். களுவாஞ்சிக்குடியில் இருந்து கல்முனைக்குப் பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றி இறக்குகிறேன். போன கிழமை மீற்றரில் டைமிங் பெல்ட் லைட் பற்றிவிட்டது. பெல்ட்டும் டென்ஷனர் பெயரிங்கும் வாங்கி வைத்திருக்கிறேன். மச்சான் கைவேலை தெரிந்தவன், "ஸ்பேனர் செட் இருக்கு, உளி சுத்தியல் இருக்கு, ஞாயிற்றுக்கிழமை ரெண்டு பேரும் மாத்திப் போடுவம்" என்கிறான். நம்பி இறங்கலாமா?
வாசகர், களுவாஞ்சிக்குடி

பதில்: இறங்கலாம் தம்பி, ஆனால் அந்தச் சாமான்களை மட்டும் வைத்துக்கொண்டு இந்த ஞாயிறு இறங்க வேண்டாம். முதலில் லைட்டைப் பற்றிச் சொல்கிறேன். அது பெல்ட்டைப் பார்த்துப் பற்றுவதில்லை, ஒரு லட்சம் கிலோமீற்றர் ஓடியதும் கணக்குப்படி பற்றுவது. அதனால் பெல்ட் இன்றைக்கே அறுந்துவிடும் என்று பயப்படத் தேவையில்லை, ஆனால் பிள்ளைகளை ஏற்றுகிற வான், தள்ளிப்போடவும் கூடாது. வால்வையும் பிஸ்டனையும் ஒரே தாளத்தில் ஓட வைப்பது இந்தப் பெல்ட்தான். டீசல் எஞ்சினில் வால்வுக்கும் பிஸ்டனுக்கும் நடுவில் இடமே இல்லை, ஓட்டத்தில் பெல்ட் அறுந்தால் பிஸ்டன் வந்து வால்வில் அடிக்கும், அதற்குப் பிறகு ஹெட்டைக் கழற்றாமல் முடியாது.

பெல்ட்டைச் சுற்றியிருக்கிற சின்ன நட்டுகளுக்கெல்லாம் உங்கள் ஸ்பேனர் செட் போதும். சிக்கல் கிராங்க் புல்லியின், அதாவது எஞ்சினின் பிரதான தண்டின் முன் நுனியில் பூட்டியிருக்கிற சில்லின், நடு போல்ட்டில்தான். கடற்கரைப் பக்கம் ஓடுகிற வான் என்றால் உப்புக்காற்றில் அது துருப்பிடித்து இன்னும் இறுகியிருக்கும். அந்த போல்ட்டைச் சுற்றப் போனால் எஞ்சினும் சேர்ந்து சுற்றும். அப்போதுதான் ஆட்கள் குறுக்கு வழி தேடுவார்கள். ஒருவர் பிளைவீல் பல்லுக்குள் திருப்புளியைச் செருகுவார், பல் உடையும். இன்னொருவர் உளியை வைத்து போல்ட் தலையில் அடிப்பார், மூலை மழுங்கி, பிறகு எந்த சொக்கெட்டும் பிடிக்காது. பவர் பாரை சேசிஸில் முட்டுக்கொடுத்து ஸ்டார்ட்டரை ஒரு தட்டுத் தட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். பார் வழுக்கினால் பக்கத்தில் நிற்கிறவரின் கை போய்விடும், எஞ்சின் ஸ்டார்ட் ஆகிவிட்டால் அதைவிட மோசம். தயவுசெய்து அதைச் செய்ய வேண்டாம்.

வழி சுலபமானது. அந்தப் புல்லியின் முகத்தில் மரை வெட்டிய இரண்டு துளைகள் இருக்கும், 8 மில்லிமீற்றர் போல்ட் போகும். இரண்டரை அடி நீளத்தில் தடித்த பட்டை இரும்பு ஒன்றை எடுத்து, வெல்டிங் பட்டறையில் கொடுத்து, நடு போல்ட்டுக்கு சொக்கெட் போகிற அளவு பெரிய துளையும், இரண்டு பக்கமும் அந்த 8 மில்லிமீற்றர் போல்ட்டுகளுக்குத் துளையும் போடுவியுங்கள். பட்டையைப் புல்லியில் பூட்டி, அதன் நுனியை மச்சான் பிடித்துக்கொள்ள, நீங்கள் நீளமான பாரில் மெதுவாகப் பாரம் கொடுங்கள். முதல் நாள் இரவே துரு கழற்றுகிற ஸ்ப்ரே அடித்து விட்டால் நல்லது. காஸ் வைத்துச் சூடாக்க வேண்டாம், பின்னால் ஒயில் சீல் இருக்கிறது.

போல்ட் வந்த பிறகு புல்லியை இழுக்க வேண்டும். அதற்கும் அதே இரண்டு துளைகளில் பூட்டி இழுக்கிற புல்லர்தான் வேண்டும், வெளி ஓரத்தில் கொளுவி இழுக்கிற மூன்று கால் புல்லர் கூடாது. இதைக் கொஞ்சம் அழுத்திச் சொல்கிறேன். நான் வேலை பழகிய கராஜில் ஒரு நாள் அவசரத்தில் மூன்று கால் புல்லரை மாட்டி இழுத்தோம், புல்லி வந்தது, திரும்பப் பூட்டினோம், எஞ்சின் நன்றாகத்தான் ஓடியது. ஒரு மாதத்தில் அதே வான் திரும்பி வந்தது. பொனட்டுக்குள் குனிந்து பார்த்தால் புல்லியின் வெளி வளையம் சாப்பாட்டுத் தட்டு மாதிரி ஆடிக்கொண்டிருக்கிறது, டைனமோ பெல்ட்டின் ஓரமெல்லாம் நார்நாராகக் கிழிந்து கிடக்கிறது. புல்லி ஒரே இரும்பு அல்ல, உள் வளையத்துக்கும் வெளி வளையத்துக்கும் நடுவில் ரப்பர் ஒட்டியிருக்கிறது, நாங்கள் இழுத்த இழுவையில் அந்த ரப்பர் விட்டிருந்தது. அந்த மனிதர் எங்களை நம்பி வந்தவர், எங்கள் பிழைக்கு அவர் காசு கொடுத்துப் புதுப் புல்லி வாங்கினார். இப்போது நினைத்தாலும் மனம் வலிக்கிறது.

சரி, பெல்ட்டுக்கு வருவோம். பழையதைக் கழற்ற முன்னர் மூன்று குறியையும் நேராக்கிக்கொள்ளுங்கள், கிராங்க், வால்வைத் திறக்கிற கேம், டீசல் பம்ப். டிப்பெக்ஸ் போத்தல் ஒன்று வாங்கிப் பழைய பெல்ட்டிலும் மூன்று பல்லுச் சில்லுகளிலும் கோடு போடுங்கள், பிறகு பழைய பெல்ட்டின் பல்லை எண்ணி அதே கோடுகளைப் புதியதில் போடுங்கள். பெல்ட்டைக் கழற்றியதும் பம்ப் சில்லு தானாக ஒரு பக்கம் துள்ளும், உள்ளே ஸ்பிரிங் அழுத்தம் இருக்கிறது, பயப்பட வேண்டாம், ஸ்பேனரால் மெல்லக் கொண்டுவந்து பிடித்தபடியே பெல்ட்டைப் போட வேண்டும். மச்சானின் இரண்டாவது கை வேண்டிய இடம் இதுதான். பம்ப் ஒரு பல் பிந்தினால் காலையில் ஸ்டார்ட் எடுக்காமல் வெள்ளைப் புகை தள்ளும், முந்தினால் எஞ்சின் இடிக்கும். புதுப் பெல்ட்டைத் திருப்புளியால் நெம்பி ஏற்றாதீர்கள், மடிக்காதீர்கள், ஒயில் கையால் தொடாதீர்கள். உள்ளே கண்ணாடி நார்க் கயிறுகள் இருக்கின்றன, மடிந்த இடத்தில் நார் உடையும், வெளியில் ஒன்றும் தெரியாது.

பெல்ட்டை இழுத்துப் பிடிக்கிற டென்ஷனரைத் தளர்த்தி விட்டு, திரும்ப இறுக்கிய பிறகு, எஞ்சினைச் சூடாக்குகிற க்ளோ பிளக்குகளைக் கழற்றிவிட்டு, சொக்கெட்டால், கையால், வலப்பக்கமாக இரண்டு சுற்று முழுதாகச் சுற்றுங்கள். எங்காவது இரும்பில் முட்டியது போல நின்றால் அதற்கு மேல் ஒரு அங்குலமும் தள்ளக் கூடாது, திரும்ப முதலில் இருந்து குறி பாருங்கள். இரண்டு சுற்றுக்குப் பிறகும் மூன்று குறியும் நேர் என்றால்தான் கவரைப் பூட்டலாம். லைட்டை ரீசெட் செய்யவும் மறக்க வேண்டாம்.

புல்லரும், போல்ட்டைச் சரியான அளவு பலத்தில் இறுக்க உதவுகிற டோர்க் ரென்ச்சும் வாங்க வேண்டியதில்லை. தெரிந்த பாஸ் ஒருவரிடம் ஒரு நாளைக்கு இரவல் கேளுங்கள், கிடைக்காவிட்டால் வானையே அவரிடம் விட்டுவிடுங்கள்.

கேள்வி: டோர்க் ரென்ச் ஒன்று வாங்கினேன் நானா. அதில் இரண்டு வரிசையாக இலக்கம் இருக்கிறது. எதைப் பார்ப்பது?
வாசகர், ஏறாவூர்

பதில்: ஒன்று நியூட்டன் மீற்றர், மற்றது அடி இறாத்தல். வாகனத்தின் திருத்த வேலைப் புத்தகத்தில் எந்த அளவு போட்டிருக்கிறதோ அந்த வரிசைதான். 100 அடி இறாத்தல் என்பது ஏறக்குறைய 136 நியூட்டன் மீற்றர், மாறிப் பார்த்தால் அலுமினியத்தில் மரை உரிந்து போகும். ஜப்பான் புத்தகங்களில் கிலோகிராம்-மீற்றர் (kgf·m) அளவு வரும், அதை 9.8 ஆல் பெருக்கினால் நியூட்டன் மீற்றர். "க்ளிக்" என்றதும் கையை எடுங்கள், இன்னொரு தரம் இழுக்க வேண்டாம். போல்ட் கழற்ற அதைப் பாவிக்காதீர்கள், வேலை முடிந்ததும் ஆகக் குறைந்த இலக்கத்துக்கு இறக்கி வையுங்கள்.

கேள்வி: என்னுடையது கொரோலா 121. டைமிங் பெல்ட் எப்போது மாற்ற வேண்டும்?
ஆசிரியை, அக்கரைப்பற்று

பதில்: உங்கள் காரில் 1என்இசட் பெற்றோல் எஞ்சின் என்றால் பெல்ட் இல்லை ரீச்சர், செயின். ஒயிலை நேரத்துக்கு மாற்றினால் செயின் நெடுங்காலம் நிற்கும். முந்தைய 110 மொடலில் பெல்ட் இருந்தது, அதை வைத்துத்தான் யாரோ உங்களுக்குச் சொல்லியிருக்கிறார்கள். காலையில் முதல் ஸ்டார்ட்டில் முன்பக்கம் சங்கிலி உரசுகிற சத்தம் நீடித்தால் மட்டும் ஒரு கராஜில் காட்டுங்கள்.