மணிக்கட்டில் பதிந்த விரல்கள்

மதிப்பிற்குரிய ஐயா அவர்களுக்கு,

சென்ற ஆண்டு நல்லூர்த் தேருக்கு என் ஒன்பது வயது மகளைக் கூட்டிக்கொண்டு போயிருந்தேன். வடக்கு வீதியில் சனம் நெருக்கியபோது அவள் மணிக்கட்டைப் பிடித்திருந்தேன். விளையாட்டுச் சாமான் கடையைப் பார்ப்பதற்காக அவள் கையை உதறினாள். அதற்கு முன் அவள்மீது கை வைத்தே அறியாத நான், அத்தனை பேர் பார்க்கக் கன்னத்தில் அறைந்துவிட்டேன். வீட்டில் உடை மாற்றும்போது அவள் மணிக்கட்டில் என் விரல்கள் நான்கும் சிவந்து பதிந்திருந்தன.

போரால் யாழ்ப்பாணமே இடம்பெயர்ந்த 1995 ஒக்ரோபர் 30 இரவு எனக்கும் ஒன்பது வயது. கொக்குவிலிலிருந்து புறப்பட்டு நாவற்குழிப் பாலத்தைக் கடக்கையில், என் பொறுப்பில் விடப்பட்டிருந்த நான்கு வயதுத் தம்பியின் கை நழுவிவிட்டது. மழை. அப்பா அம்மம்மாவைச் சைக்கிளில் இருத்தி உருட்டிக்கொண்டு முன்னால் போனார். மூன்றாம் நாள் சாவகச்சேரியில் ஒரு பாடசாலையில் தம்பியைக் கண்டோம். அவன் இப்போது கனடாவில் இருக்கிறான். இதைப் பற்றி நாங்கள் இருவரும் ஒருநாளும் பேசியதில்லை. இந்தப் பாரம் எங்களோடு போகட்டும் என்று மகளுக்கும் சொல்லவில்லை. தேருக்குப் பிறகு அவள் தண்ணீர் குடிப்பதற்கும் என்னிடம் கேட்டுத்தான் குடிக்கிறாள். நான் என்ன செய்ய வேண்டும்?

(பெயர் வெளியிட வேண்டாம்)

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தை மூன்றாம் முறை வாசித்தபோதுதான் ஒன்று கண்ணில் பட்டது. பாலம் இருக்கிறது, மழை இருக்கிறது, அம்மம்மா இருந்த சைக்கிள் இருக்கிறது. ‘பயந்தேன்’ என்ற சொல் ஓரிடத்திலும் இல்லை. தம்பியைக் காணாதிருந்த அந்த நாட்களில் வீட்டார் உங்களிடம் என்ன சொன்னார்கள், அல்லது ஒன்றுமே சொல்லாமல் இருந்தார்களா என்பதும் இல்லை. இதைக் குறையாகச் சொல்லவில்லை. அந்த இரவைக் கடந்த எங்களில் பலர் அதை இப்படித்தான் சொல்கிறோம்: எத்தனை மணிக்குப் புறப்பட்டோம், பாலத்தைக் கடக்க எவ்வளவு நேரம் எடுத்தது, யாருடைய விறாந்தையில் படுத்தோம் என்று.

கைக்குழந்தைகளோடு திண்டாடிய பெற்றோருக்கு அமெரிக்காவில் சிகிச்சை அளித்துவந்த செல்மா பிரைபேர்க் 1975 இல் தம் சகாக்களோடு எழுதிய கட்டுரை ஒன்றில் இதைத் தொட்டிருக்கிறார். சிறுவயதில் கொடுமைப்பட்ட எல்லோரும் அதைத் தம் பிள்ளைகள்மேல் இறக்கிவைப்பதில்லையே, அப்படியானால் இறக்கிவைப்பவர் யார் என்பது அவருடைய கேள்வி. நடந்ததை நடந்தபடியே நினைவில் வைத்திருந்தும், அப்போது பட்ட பயத்தையும் நோவையும் தொலைத்துவிட்டவர்களிடமே அது திரும்பி வருகிறது என்று அவர் கண்டார். நல்லூரில் உங்கள் கை ஓங்கியபோது இருபத்தெட்டு ஆண்டுக்கு மேலாகச் சொல்லப்படாத பயம் ஒன்று வெளியே வந்தது என்று நினைக்கிறேன். அது ஏன் முந்திய தேர்களில் வரவில்லை என்று கேட்டால், விடையை நீங்களே எழுதியிருக்கிறீர்கள்: மகளுக்கு இப்போது ஒன்பது வயது. தாம் அடிபட்ட வயதைத் தம் பிள்ளை எட்டும்போது பெற்றோரின் பழைய காயம் கிளறப்படுவதை உளவளத்துணையாளர்கள் அறிவார்கள்.

‘பாரம் எங்களோடு போகட்டும்’ என்ற இடத்தில்தான் உங்களோடு உடன்பட முடியவில்லை. கதையைச் சொல்லாமல் விடலாம்; பயத்தைச் சொல்லாமல் விட முடியாது, அது முகத்தால் போய்ச் சேர்ந்துவிடும். 1985 இல் வெளியான ஆய்வொன்றில் ஒரு வயதுக் குழந்தைகளைக் கண்ணாடி பரப்பிய மேசையில் விட்டார்கள். மேசையின் பாதியைத் தாண்டியதும் கண்ணாடிக்குக் கீழே ஒரு பள்ளம் தெரியும். மறுகரையில் தாய் நிற்பாள். தாய் சிரித்த முகத்தோடு நின்றபோது 19 குழந்தைகளில் 14 தவழ்ந்து கடந்தன. தாய் பயந்த முகம் காட்டியபோது 17 இல் ஒன்றுகூடக் கடக்கவில்லை. பள்ளம் எவ்வளவு ஆழம், அதில் முன்பு யார் விழுந்தார்கள் என்று எவரும் அந்தக் குழந்தைகளுக்குச் சொல்லவில்லை. உங்கள் மகளும் அப்படித்தான். பாலத்தைப் பற்றி அவளுக்கு ஒன்றும் தெரியாது. அம்மாவின் முகம் மாறியது தெரியும்; ஏன் என்று தெரியாததால், தானே அதற்குக் காரணமாக இருக்க வேண்டும் என்று முடிவு செய்துவிட்டாள். தண்ணீருக்கும் அனுமதி கேட்பது அதனால்தான்.

என் வீட்டுக் கதையையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் அறைக் கதவின் பின்னால் ஒரு துணிப்பை தொங்குகிறது. பிறப்புச் சான்றிதழ்கள், காணி உறுதி, என் பரீட்சைப் பெறுபேறுகள் எல்லாம் அதற்குள். அம்மா தைத்த பை; 1995 இலும் அதைத்தான் தோளில் மாட்டினார். மகன் ஏழு வயதில் ஒருநாள் அதை எடுத்து விளையாட, நான் கத்திய கத்தலில் அவன் சிறுநீர் கழித்துவிட்டான். ‘என்னப்பா அது?’ என்று பிறகு கேட்டதற்கு ‘சும்மா ஒரு பை’ என்றேன். சும்மா ஒரு பைக்காக எந்தத் தகப்பன் அப்படிக் கத்துவான்? உண்மையைச் சொல்ல எனக்கு மேலும் நான்கு ஆண்டு எடுத்தது.

ஆகவே முதலில் மன்னிப்பு. ‘அடித்தது அம்மாவின் பிழை, நீ ஒன்றும் செய்யவில்லை’ என்று சொல்லி, அவ்விடத்தில் நிறுத்திவிடுங்கள். இடப்பெயர்வை அதே மூச்சில் சேர்த்தால் அது சமாதானம் சொல்வதாகிவிடும். உங்களைத் தேற்றும் வேலையும் அவள் தலையில் விழும். ‘அடியாத மாடு படியாது’ என்று அயலில் யாரேனும் சொல்வார்கள், காது கொடுக்க வேண்டாம். வேறொரு நாள், கீரை ஆயும்போதோ தலை வாரும்போதோ, கதையை அவள் வயதுக்கு அளந்து சொல்லுங்கள். பாலத்தையும் மழையையும் மாமாவின் கை நழுவியதையும், அவர் கிடைத்துவிட்டதையும் சொன்னால் போதும். கிடைத்துவிட்டார் என்பதை முந்திச் சொல்லுங்கள். ‘அப்போது எனக்குப் பயமாக இருந்தது’ என்பதை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

சொல்லத் தொடங்கும்போது நெஞ்சு படபடத்துப் பேச்சு நின்றுபோனாலோ, இரவில் நித்திரை குழம்பினாலோ, தனியே சமாளிக்க வேண்டாம். யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையிலும் தெல்லிப்பழையிலும் உளமருத்துவப் பிரிவுகள் உண்டு. 1926 என்ற தேசிய உளநல இலக்கத்துக்கும் அழைக்கலாம். அங்கே போனால் ‘விசர்’ என்று ஊர் சொல்லும் என்ற தயக்கம் எனக்கும் இருந்தது. இங்கே நீண்டகாலம் உளமருத்துவராக இருந்த தயா சோமசுந்தரம், போர் தனியாட்களை மட்டுமன்றிக் குடும்பங்களையும் சமூகத்தையும் சேர்த்தே காயப்படுத்தியது என்று எழுதிவந்தவர். அதை வாசித்த பிறகே, வரிசையில் என்னோடு காத்திருந்தவர்களை நிமிர்ந்து பார்க்க முடிந்தது.

இன்னொன்று. நான்கு வயதுப் பிள்ளையை ஒன்பது வயதுப் பிள்ளையிடம் ஒப்படைத்தது உங்கள் குற்றமல்ல, அன்று உங்கள் வீட்டில் வேறு கை மிச்சமிருக்கவில்லை. இதை நான் சொல்வதைவிட அந்தக் கைக்குரியவர் சொன்னால் உங்களுக்குக் கேட்கும். மகளிடம் பேசுவதற்கு முன் கனடாவுக்கு ஒரு அழைப்பு எடுத்து, அந்த இரவில் தம்பிக்கு என்ன நினைவிருக்கிறது என்று கேட்டுப் பாருங்கள். ஒன்றுமே நினைவில்லை என்றும் சொல்லக்கூடும்.