மகள் புராஜெக்ட் மேனேஜ்மென்ட் படிக்கலாமா? ஓர் அப்பாவுக்குப் பதில்

அண்ணே, பல்கலைக்கழகத்தில் மெக்கானிக்கல் இன்ஜினியரிங் படிக்கும் மகள் புராஜெக்ட் மேனேஜ்மென்ட்டும் (ஒரு வேலையைத் திட்டமிட்டு, நேரத்துக்குள்ளும் செலவுக்குள்ளும் முடிக்கும் திட்ட மேலாண்மை) படிக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். முதலில் அதற்கு நேராகப் பதில் சொல்லிவிடுகிறேன். படிக்கலாம். ஆனால் அதற்காக மெக்கானிக்கல் படிப்பை விட்டுவிட்டு வேறு பட்டத்துக்கு மாற வேண்டாம். தனியார் பயிற்சி நிலையத்தில் இப்போதே ஆயிரக்கணக்கான சிங்கப்பூர் வெள்ளியைக் (டாலர்) கட்டவும் வேண்டாம். பல்கலைக்கழகத்தில் விருப்பப் பாடமாக எடுக்கட்டும். எடுத்த கையோடு ஏதாவது ஒரு நிஜ வேலையில் அதைச் செய்து பார்க்கட்டும். இரண்டாம் ஆண்டில் இருக்கும் ஒருவருக்கு இது போதும்.

“ஜூரோங் தீவுல இத்தனை வருஷமா ஷட்டவுன் வேலை பார்க்கிறேன், எனக்கு யாரும் வகுப்பு எடுக்கலையே, இதுல பல்கலைக்கழகம் என்ன சொல்லித் தரும்?” என்று கேட்டிருந்தீர்கள். நியாயமான கேள்விதான். அந்தப் பாடத்தின் முக்கியமான பகுதி ஒன்று பிறந்ததே உங்கள் ரசாயன ஆலைத் தொழிலில்தான் என்று சொன்னால் நம்புவீர்களா? 1957 வாக்கில் டூபாண்ட் என்ற ரசாயன நிறுவனமும் ரெமிங்டன் ராண்ட் என்ற கணினி நிறுவனமும் சேர்ந்து ஒரு கணக்கு முறையை உருவாக்கின. ஆலை கட்டுவதற்கும், பராமரிப்புக்காக ஆலையை நிறுத்தும்போது (உங்கள் ஷட்டவுன்தான்) அந்த நேரத்தைக் குறைப்பதற்கும் அதைப் பயன்படுத்தினார்கள். கிரிட்டிகல் பாத் என்று இன்று மாணவர்கள் படிப்பது அதைத்தான். ஸ்கஃபோல்டிங் (சாரம்) ஏறாமல் இன்ஸ்பெக்‌ஷன் நடக்காது, இன்ஸ்பெக்‌ஷன் முடியாமல் மூட முடியாது என்பது உங்களுக்குக் கையோடு வந்த அறிவு. அதைத் தாளில் போட்டு, எந்த வேலை தாமதித்தால் மொத்தமும் தள்ளிப்போகும், எது தாமதித்தால் பரவாயில்லை என்று முன்கூட்டியே காட்டுவதைத்தான் பல்கலைக்கழகத்தில் சொல்லித் தருகிறார்கள்.

மகள் தமிழ் மன்றத்தின் மேடை நாடகத்துக்கு ஒருங்கிணைப்பாளராக இருப்பது பற்றிக் கொஞ்சம் குறைப்பட்டே எழுதியிருந்தீர்கள். என்னைக் கேட்டால், அவருக்கு இதைவிட நல்ல ஆய்வுக்கூடம் கிடைக்காது. அந்த நாடகத்தையே எடுத்துக்கொள்வோம். எழுதி முடிக்க 4 வாரம். பொதுமக்கள் பார்க்கும் நாடகம் என்றால் ஐஎம்டிஏ என்ற சிங்கப்பூர் அரசு ஊடக அமைப்பின் உரிமம் வேண்டும், அதற்கு நாடகப் பிரதியைக் கொடுக்க வேண்டும். ஆகவே எழுத்து முடியாமல் விண்ணப்பம் போகாது. உரிமத்துக்கு 8 வாரம் ஒதுக்குகிறார்கள் என்று வையுங்கள். அது கைக்கு வந்த பிறகு டிக்கெட் விற்க 3 வாரம். மொத்தம் 15 வாரம். ஒத்திகைக்கு 9 வாரம் வேண்டும். எழுத்து முடிந்ததும் தொடங்கினால் 13ஆம் வாரத்தில் முடிந்துவிடும், 2 வாரம் மிச்சம். உடைகளுக்கு 3 வாரம், அதையும் எழுத்து முடிந்ததும் தொடங்கினால் 8 வாரம் மிச்சம்.

இப்போது கூட்டத்தில் எல்லாரும் யாரைப் போட்டு வறுப்பார்கள்? உடைப் பொறுப்பாளரை. “இன்னும் புடவை வரலையா?” என்று கேட்பது சுலபம், கண்ணுக்குத் தெரிகிற வேலை அது. ஆனால் அவர் ஒரு மாதம் சும்மா இருந்தாலும் நாடகம் தள்ளிப்போகாது. நாடகம் எழுதுகிறவர் ஒரு வாரம் இழுத்தால் மேடையேறும் நாளும் ஒரு வாரம் தள்ளிப்போகும். அரங்கை ஏற்கெனவே பதிவு செய்திருந்தால் கதை முடிந்தது. உங்கள் மகள் இந்தக் கணக்கை ஒரு தடவை தன் கையால் போட்டுப் பார்த்துவிட்டால், அப்புறம் எந்தக் கூட்டத்திலும் யாரிடம் முதலில் பேச வேண்டும் என்று அவருக்குத் தெரிந்துவிடும்.

இன்னொன்று, நேரத்தைக் கணிப்பது. எழுதுகிற பையன் “நாலு வாரத்துல முடிச்சிடுவேன்” என்பான். அவனிடம் மூன்று எண்கள் கேட்க வேண்டும்: எல்லாம் நன்றாக நடந்தால் எத்தனை வாரம், வழக்கமாக எத்தனை, எல்லாம் சொதப்பினால் எத்தனை? 2, 4, 12 என்கிறான் என்று வைத்துக்கொள்வோம். நடு எண்ணை நான்கால் பெருக்கி, மற்ற இரண்டையும் கூட்டி, 6ஆல் வகுத்தால் 5 வாரம் வருகிறது. 1950களின் இறுதியில் அமெரிக்கக் கடற்படை பொலாரிஸ் ஏவுகணைத் திட்டத்துக்காகக் கொண்டுவந்த பெர்ட் முறையில் வரும் சூத்திரம் இது. ஐந்து என்ற விடையைவிட, அந்த 12 எதனால் வரும் என்று அவனைப் பேச வைப்பதுதான் பெரிய லாபம். இடைத்தேர்வு, இன்டர்ன்ஷிப் நேர்முகம், வீட்டில் அக்கா கல்யாணம் என்று எல்லாம் அப்போதுதான் வெளியே வரும்.

அதே பாடத்தில் வேலையின் எல்லையை எழுதிவைப்பதும் உண்டு. நன்கொடையாளர் ஒரு நடனம் சேர்க்கச் சொல்வார், முன்னாள் தலைவர் ஒரு பட்டிமன்றம் சேர்க்கலாமே என்பார். ஒவ்வொன்றும் சின்னதாகத்தான் தெரியும். உங்கள் சைட்டில் இப்படிக் கூடுதல் வேலை வந்தால் விஓ (கூடுதல் வேலைக்கான எழுத்துபூர்வ ஆணை) இல்லாமல் கை வைப்பீர்களா? மாட்டீர்கள். எத்தனை நாள் கூடும், எவ்வளவு செலவு, யார் கையெழுத்து என்று கேட்பீர்கள். மாணவர்கள் மட்டும் எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டுக் கடைசி வாரம் தூங்காமல் கிடப்பார்கள். அபாயப் பட்டியல், பட்ஜெட், யாருக்கு எப்போது தகவல் சொல்வது என்பதெல்லாம் பாடத்தில் வரும், அவற்றை அவர் தானே பிடித்துக்கொள்வார்.

அஜைல், ஸ்க்ரம் என்ற பெயர்களும் உங்கள் காதில் விழும். மென்பொருள் துறையினர் 17 பேர் 2001இல் கூடி வெளியிட்ட ஓர் அறிக்கையிலிருந்து பரவிய போக்கு அது. வேலையைச் சில வாரத் துண்டுகளாக்கி, ஒவ்வொரு துண்டையும் பயனாளரிடம் காட்டித் திருத்திக்கொள்வார்கள். செயலி செய்ய ஏற்ற வழிதான். ஊற்றிய அஸ்திவாரத்தை இரண்டு வாரம் கழித்து மாற்றிப் பார்க்க முடியாது என்பதால் கட்டுமானத்தில் அதை அப்படியே கொண்டுவர முடியாது. மெக்கானிக்கல் படிக்கிறவர் இரண்டையும் தெரிந்துகொள்ளட்டும், அட்டவணை போடும் பழைய முறையில் கூடுதல் பிடிப்போடு.

இந்தக் காலத்தில் சாட்ஜிபிடியிடம் கேட்டால் ஒரு நிமிடத்தில் அழகான அட்டவணை வந்துவிடும். சீனப் புத்தாண்டுக்கு முன்னும் பின்னும் மலேசியாவின் ஜொகூர் சப்ளையரிடமிருந்து சரக்கு வர இழுக்கும், டிசம்பரில் வடகிழக்குப் பருவமழை வெளிவேலையைக் கெடுக்கும், பெர்மிட் கையெழுத்துப் போடுகிறவர் விடுப்பில் இருந்தால் அரை நாள் போகும் என்பதை யாராவது சொல்லிக் கொடுத்தால்தானே அது கணக்கில் சேர்க்கும்? அதைச் சொல்லக்கூடிய ஆள் உங்கள் வீட்டிலேயே இருக்கிறார். மகளின் அட்டவணையை ஒரு ஞாயிற்றுக்கிழமை வாங்கிப் பாருங்கள். கேலி செய்யாமல், எங்கே உடையும் என்று மட்டும் சொல்லுங்கள்.

ஜேசியில் (பல்கலைக்கழகத்துக்கு முந்தைய ஜூனியர் காலேஜ்) ஏற்கெனவே புராஜெக்ட் வொர்க் என்ற பாடம் செய்தாரே, அது போதாதா என்றும் கேட்டிருந்தீர்கள். போதாது. குழுவாக அறிக்கை எழுதவும் மேடையில் பேசவும் அது பழக்கியிருக்கும். ஆனால் அங்கே செலவாகும் பணமும் இல்லை, காத்திருக்கும் வாடிக்கையாளரும் இல்லை. 2024இல் ஜேசியில் சேர்ந்தவர்களிலிருந்து அதற்குத் தேர்ச்சி உண்டா இல்லையா என்பது மட்டும்தான், கிரேடு கிடையாது.

பட்டத்திலேயே இது வேண்டும் என்பவர்களுக்கும் வழி உண்டு. சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் உள்கட்டமைப்பு, திட்ட மேலாண்மை சார்ந்த படிப்பு இருக்கிறது. எஸ்யுஎஸ்எஸ்ஸில் (சிங்கப்பூர் சமூக அறிவியல் பல்கலைக்கழகம்) கட்டடம், திட்ட மேலாண்மை இரண்டையும் சேர்த்துப் படிக்கலாம். கவனித்தீர்களா, இரண்டிலும் கூடவே ஒரு துறை ஒட்டிக்கொண்டிருக்கிறது. துறை தெரியாத மேலாளரைத் தொழில்நுட்பர்கள் பத்தே நிமிடத்தில் கண்டுபிடித்துவிடுவார்கள், உங்களுக்குத் தெரியாததா! சிங்கப்பூரின் மற்ற பல்கலைக்கழகங்களிலும் நிஜ நிறுவனத்தோடு வேலை செய்யும் வாய்ப்பு இருக்கிறது. எஸ்யுடிடியின் கேப்ஸ்டோன் (இறுதியாண்டுக் குழுத் திட்டம்), எஸ்எம்யுவின் எஸ்எம்யு-எக்ஸ் பாடங்கள், எஸ்ஐடியின் பல மாத வேலையிடப் பயிற்சி எல்லாம் அந்த வகைதான். மகளின் பல்கலைக்கழகத்திலும் இறுதியாண்டுத் திட்டம் இருக்கும். தலைப்பைத் தேர்ந்தெடுக்கும்போது, வெளி நிறுவனம் கேட்டுச் செய்யும் திட்டம் கிடைத்தால் அதை எடுக்கச் சொல்லுங்கள்.

இப்போது நீங்கள் அனுப்பிய தனியார் பயிற்சி நிலையத்து விளம்பரத்துக்கு வருவோம். “மாணவர்களே, பிஎம்பி ஆகுங்கள்” என்று போட்டிருக்கிறார்கள். அமெரிக்காவின் பிஎம்ஐ அமைப்பு திட்ட மேலாளர்களுக்கு வழங்கும் அந்தச் சான்றிதழுக்கு 35 மணி நேரப் பயிற்சி மட்டும் போதாது. பட்டதாரி என்றால் 36 மாதங்கள் திட்டங்களை வழிநடத்திய அனுபவமும் வேண்டும். 20 வயது மாணவருக்கு அது எங்கிருந்து வரும்? கட்டணம் கட்டினால் பயிற்சி மணிகள் கிடைக்கும், சான்றிதழ் கிடைக்காது. மாணவர்களுக்கு ஏற்றது அதே அமைப்பின் தொடக்கநிலைச் சான்றிதழான சிஏபிஎம். அதற்கு வேலை அனுபவம் தேவையில்லை, 23 மணி நேரப் படிப்பு இருந்தால் விண்ணப்பிக்கலாம். பல்கலைக்கழகப் பாடத்தையே அந்த மணிகளுக்குக் கணக்குக் காட்ட முடியுமா என்று முதலில் விசாரிக்கட்டும். அதையும் இறுதியாண்டில் எழுதினால் போதும், அவசரமே இல்லை.

பணத்தைப் பற்றி இன்னொரு விஷயம். பயிற்சிக் கட்டணத்துக்கு அரசு தரும் ஸ்கில்ஸ்ஃபியூச்சர் தொகை சிங்கப்பூரர்களுக்கு 25 வயதில்தான் தொடங்குகிறது, அதுவும் 500 வெள்ளி. உங்கள் கணக்கில் இருப்பதை மகளுக்கு மாற்றித் தர முடியாது. அதே நேரம், 40 வயதைத் தாண்டிய சிங்கப்பூரர்களுக்கு 2024 மே மாதத்திலிருந்து 4,000 வெள்ளி கூடுதலாகக் கிடைக்கிறது. குறிப்பிட்ட படிப்புகளுக்கு மட்டும் அதைச் செலவழிக்கலாம். வீட்டில் பிஎம்பிக்குத் தேவையான அனுபவத்தோடு இருப்பவர் நீங்கள்தான், உங்கள் மகள் இல்லை. உயர்நிலைக் கல்வி முடித்தவர்களுக்கும் அந்தத் தேர்வு திறந்திருக்கிறது, வழிநடத்திய அனுபவம் 60 மாதம் கேட்பார்கள். யோசித்துப் பாருங்கள், நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

கடைசியாக வேலை. பட்டம் வாங்கியதும் “புராஜெக்ட் மேனேஜர்” என்ற பலகையை யாரும் தரமாட்டார்கள். புராஜெக்ட் இன்ஜினியர், கோஆர்டினேட்டர், பிளானர் இப்படித்தான் தொடங்கும். மெக்கானிக்கல் படித்த பெண்ணுக்கு, ஷட்டவுன் பிளானிங் குழுவில் ஒரு இன்டர்ன்ஷிப் கிடைத்தால் விடவே வேண்டாம். அட்டவணை போடும் பிரிமவேரா மென்பொருளை அங்கே பழகிக்கொள்ளலாம், அதுவரை எக்செல் போதும். நீங்கள் அனுப்பிய மகளின் ரெஸ்யூமேயில் “தலைமைப் பண்பு உண்டு” என்று எழுதியிருக்கிறார், அந்த வரியை எடுத்துவிடச் சொல்லுங்கள். எத்தனை வார அட்டவணை, எத்தனை பேர் குழு, எவ்வளவு பட்ஜெட், எது தாமதமானது, அதை எப்படி ஈடுகட்டினார் என்று நான்கு வரி எழுதட்டும். நாடகம் முடிந்த வாரத்திலேயே எழுதினால்தான் எண்கள் சரியாக நினைவிருக்கும். எழுதியதை எனக்கு அனுப்பட்டும், பார்த்துச் சொல்கிறேன்.