ஊருக்கு வெளியே அதிவேக ரயில் நிலையம்: வாசலிலிருந்து வாசல் வரை எவ்வளவு நேரம் மிச்சமாகிறது?

கேள்வி: தைவானின் தைனான் நகரில், செங்குங் பல்கலைக்கழகத்தில் ஆய்வாளராகப் பணிபுரிகிறேன். மனைவியோடும் பள்ளி செல்லும் மகளோடும், தைனான் ரயில் நிலையத்தின் பின்வாசலுக்கு அருகே வாடகை வீட்டில் வசிக்கிறோம். மாதம் இரண்டு முறை தைப்பே செல்ல வேண்டியிருக்கிறது. எப்போதாவது தைச்சுங்குக்கும் போகிறேன். குய்ரென் பகுதியிலுள்ள அதிவேக ரயில் நிலையத்துக்கு அருகில் குடியேறினால் பயண நேரம் பாதியாகிவிடும் என்று வீட்டுத் தரகர் வற்புறுத்துகிறார். ஊருக்கு வெளியே இருக்கும் அந்த நிலையத்தால் நேரம் உண்மையிலேயே குறைகிறதா?

பதில்: தைப்பே பயணத்தில் குறைகிறது, ஆனால் விளம்பரம் சொல்லும் அளவில் ஏறத்தாழ பாதிதான். தைச்சுங்குக்கு அநேகமாகக் குறைவதே இல்லை. வீடு மாறுவது உங்களுக்கு நட்டம்.

கணக்கை உங்கள் வாசலிலிருந்தே தொடங்குவோம். வீட்டிலிருந்து தைனான் நிலையத்துக்கு நடை பத்து நிமிடம். அங்கிருந்து அதிவேக நிலையத்தை ஒட்டியிருக்கும் ஷாலுன் நிலையத்துக்குப் போகும் உள்ளூர் ரயில் இருபது முதல் இருபத்தைந்து நிமிடம் எடுத்துக்கொள்ளும். அது பெரும்பாலும் அரை மணிக்கு ஒன்றுதான் வருகிறது என்பதால், காத்திருக்கும் நேரத்தையும், இறங்கி நடந்து அடுத்த நடைமேடைக்குச் செல்லும் நேரத்தையும், ரயிலைத் தவறவிடக் கூடாது என்று கையில் வைத்துக்கொள்ளும் சில நிமிடங்களையும் சேர்த்தால், அதிவேக ரயிலில் நீங்கள் கால் வைப்பதற்கு முன்பே ஏறத்தாழ ஒரு மணி நேரம் கழிந்திருக்கும். அதன் பிறகு தைப்பேக்கு, வழியில் நிற்கும் நிலையங்களைப் பொறுத்து, ஒன்றேமுக்கால் முதல் இரண்டு மணி நேரம். ஆக மொத்தம் மூன்று மணிக்குச் சற்றுக் குறைவு. வீட்டருகே ஏறும் பழைய ரயிலின் (அதாவது நகர மையங்கள் வழியே செல்லும் சாதாரண ரயில் பாதையின்) ட்ஸுசியாங் விரைவு வண்டியோ, வண்டியைப் பொறுத்து மூன்றேகால் மணியிலிருந்து நான்கு மணிக்கும் மேல் எடுத்துக்கொள்கிறது. தைப்பேயில் இரண்டு ரயில்களும் ஒரே நிலையத்துக்குத்தான் வந்து சேர்கின்றன என்பதால் அந்த முனையில் லாபமும் இல்லை, நட்டமும் இல்லை. அட்டவணையில் இரண்டு மணி நேரம் மிச்சம் போலத் தெரிவது, கையில் வந்து சேரும்போது சுமார் ஒரு மணி நேரமாகச் சுருங்கிவிடுகிறது. அந்த ஒரு மணி நேரத்துக்கு 1,350 தைவான் டாலர் சாதாரண வகுப்புக் கட்டணம் தகுமா என்பது உங்கள் பணியைப் பொறுத்தது. ஒரே நாளில் போய்த் திரும்ப வேண்டுமானால் தகும் என்பேன்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். "தைப்பேயிலிருந்து தெற்குக் கோடிக்கு ஒன்றரை மணி நேரம்" என்று எல்லோரும் மேற்கோள் காட்டும் மிக விரைவான வண்டிகள், காவ்சியுங் நகரிலுள்ள கடைசி நிலையமான ஸோயிங் வரை செல்பவை. அவை வழியில் தைச்சுங் போன்ற ஓரிரு நிலையங்களில் மட்டுமே நிற்கும், தைனானில் நிற்பதில்லை. உங்கள் நிலையத்தில் நிற்காத வண்டியின் வேகம் உங்கள் கணக்கில் சேராது.

தைச்சுங் பயணத்தில் இரண்டு முனைகளுமே ஊருக்கு வெளியே இருக்கின்றன. அங்கு அதிவேக நிலையம் வூரியில் இருக்கிறது. நகர மையத்துக்கு ஷின்வூரி நிலையத்திலிருந்து மறுபடி உள்ளூர் ரயில் பிடிக்க வேண்டும். நடுவில் முக்கால் மணி நேரம் பறந்தாலும், முன்னும் பின்னும் இழப்பதைச் சேர்த்தால் இரண்டு மணி நேரம் ஆகிவிடுகிறது. பழைய ரயில் உங்கள் வீட்டருகே ஏற்றி, தைச்சுங் நகர நடுவில் இறக்கிவிட எடுத்துக்கொள்வதும் அவ்வளவுதான். பக்கத்து நகரங்களான சியாயிக்கும் காவ்சியுங்குக்கும் அதிவேக ரயிலை நினைக்கவே வேண்டாம்.

இந்த நிலைமை தற்செயலாக வந்ததல்ல. வளைவு குறைந்த தடம் வேண்டும், நிலம் மலிவாகக் கிடைக்க வேண்டும், நிலையத்தைச் சுற்றிப் புதிய நகரம் எழ வேண்டும் என்று திட்டமிட்டுத்தான் நிலையங்களை வயல்வெளிகளில் வைத்தார்கள். அப்படி வைப்பவர்கள் முதல் நாளே இணைப்பையும் தர வேண்டாமா? அதிவேக ரயில் 2007 ஜனவரியில் ஓடத் தொடங்கியது. ஐந்து கிலோமீட்டரை ஒட்டிய நீளமுள்ள ஷாலுன் கிளைப்பாதை 2011 ஜனவரியில்தான் திறக்கப்பட்டது. நான்கு ஆண்டுகள் மக்கள் பேருந்திலும் டாக்சியிலும் அலைந்தார்கள். அந்தப் பாடத்துக்குப் பிறகும், 2015 டிசம்பரில் சாங்குவா அதிவேக நிலையத்தைப் பழைய ரயிலோடு இணைக்காமலேயே திறந்தார்கள். முந்நூறு கிலோமீட்டர் வேகத்துக்குக் கோடிகளைச் செலவிடுபவர்கள், கடைசிச் சில கிலோமீட்டருக்கு அரை மணிக்கு ஒரு வண்டி போதும் என்று இருந்துவிடுவதை ஒரு போக்குவரத்துத் திட்டப் பொறியாளராக என்னால் ஏற்க முடியவில்லை.

இனி உங்கள் தரகரின் வாதத்துக்கு வருவோம், ஏனென்றால் உங்கள் பணம் போகவிருப்பது அங்கேதான். நிலையத்தருகே குடியேறினால் தைப்பேக்குப் போகும் ஒவ்வொரு முறையும் ஒரு வழிக்கு நாற்பது நிமிடம் மிச்சமாகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். மாதத்தில் இரண்டு முறை போய்வர, இரண்டே முக்கால் மணி நேரத்துக்கும் குறைவு. ஆனால் வேலை நாள் ஒவ்வொன்றிலும் அதே ஷாலுன் ரயிலில் பல்கலைக்கழகத்துக்கு வந்து திரும்ப வேண்டும். காத்திருப்பையும் சேர்த்தால் நாளுக்கு ஒரு மணி நேரம் கூடுதல், மாதத்தில் இருபது மணி நேரத்துக்கும் மேல். மகளின் பள்ளியை இன்னும் கணக்கில் எடுக்கவில்லை. இந்தக் கணக்கைத் தரகர் உங்களுக்குப் போட்டுக் காட்ட மாட்டார். நிலையத்திலிருந்து தைப்பேக்கு எத்தனை நிமிடம் என்பதை மட்டும்தான் சொல்வார். "நிலையத்துக்கு ஐந்து நிமிடம்" என்று எழுதியிருந்தால் அது நடையா, ஸ்கூட்டரா, காரா என்று கேளுங்கள். பதிலை நம்பாமல் மழை நாளில் ஒருமுறை நடந்து பாருங்கள். கடையே இல்லாத தெருவை "வளரும் பகுதி" என்று காட்டி, வரப்போகும் வசதிகளுக்கு இன்றைக்கே வாடகை கேட்பார்கள். முன்பணமாக இரண்டு மாத வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது என்பது தைவானின் சட்டம். சென்னையில் பத்து மாத முன்பணம் கொடுத்துப் பழகிய நம்மவர்கள் மூன்று மாதம் கேட்டால் மகிழ்ந்து கொடுத்துவிடுகிறார்கள், கொடுக்காதீர்கள். உங்கள் ஆய்வுக்கூடமே ஷாலுன் பக்கம் மாறினால் மட்டும் இதை மறுபடி யோசிக்கலாம்.

ஊருக்கு வெளியே இருக்கும் நிலையம் மறுக்க முடியாதபடி வெல்லும் பயணம் ஒன்று உண்டு; விமானத்தில் சொந்த ஊருக்குப் போகும்போது உங்களுக்கு உதவும் என்பதால் விரிவாகவே சொல்கிறேன். தைப்பேக்கு அருகிலுள்ள தாவ்யுவான் சர்வதேச விமான நிலையத்துக்குச் செல்லும்போது, நகர மையத்தில் இருக்கும் நிலையம் உங்களுக்குப் பயன்படாது. விமான நிலையமே ஊருக்கு வெளியே இருக்கிறது. தாவ்யுவான் அதிவேக நிலையத்தில் இறங்கினால், 2017 மார்ச்சிலிருந்து ஓடும் விமான நிலைய மெட்ரோ இருபது நிமிடத்தை ஒட்டி முனையத்தில் கொண்டுபோய் விடுகிறது. பழைய ரயிலில் போனால் தாவ்யுவான் நகரில் இறங்கிப் பேருந்து பிடிக்க வேண்டும், இல்லையேல் தைப்பே வரை போய்த் திரும்பிவர வேண்டும். பெட்டிகளோடும் குழந்தையோடும் அந்த வழியை நான் யாருக்கும் சொல்வதில்லை. ஆனால் இதிலும் ஒரு தடை உண்டு: அதிவேக ரயில் நள்ளிரவு முதல் காலை ஆறு மணி வரை ஓடுவதில்லை. அதிகாலை விமானம் என்றால் முந்தைய நாளே புறப்பட வேண்டும்; அப்போது மிச்சப்பட்ட நேரமெல்லாம் விடுதியில் போய்விடும். முற்பகல் முதல் இரவு வரையிலான விமானங்களுக்கு இந்த வழியே சிறந்தது. காவ்சியுங் விமான நிலையத்திலிருந்தே சிங்கப்பூர் வழியாக வசதியான விமானம் கிடைக்குமானால், தாவ்யுவானை மறந்துவிடலாம்.

சீட்டு வாங்குவதிலும் இடைத்தரகர் வேண்டாம். வெளிநாட்டவருக்கான சலுகைப் பயண அட்டையைச் சிலர் உங்களைப் போன்றவர்களிடம் விற்கிறார்கள். அது குறுகிய கால விசாவில் வரும் சுற்றுலாப் பயணிகளுக்கு மட்டுமே உரியது. வசிப்பு அட்டை வைத்திருக்கும் நீங்கள் கவுண்டரில் கடவுச்சீட்டைக் காட்டியதும் திருப்பி அனுப்பப்படுவீர்கள். முன்பதிவுச் சலுகைச் சீட்டுகள் பயண நாளுக்கு 28 நாள் முன்பே ரயில் நிறுவனத்தின் தளத்திலேயே கிடைக்கின்றன. புறப்படுவதற்கு ஐந்து நாள் முன்பு அந்தச் சலுகை முடிந்துவிடும். தேதி உறுதியான தைப்பே பயணங்களுக்கு அதை வாங்குங்கள். திரும்பும் பயணத்தில் கூட்டம் எப்போது முடியும் என்று தெரியாவிட்டால் முன்பதிவில்லாப் பெட்டிக்கான சீட்டு போதும், அன்றைய எந்த வண்டியிலும் ஏறலாம். ஏறுவதற்கு முன், அந்த வண்டி தைனானில் நிற்கிறதா என்பதையும், அது வந்து சேரும் நேரத்துக்குப் பிறகு ஷாலுனிலிருந்து ஊருக்குள் செல்லக் கடைசி உள்ளூர் ரயில் இருக்கிறதா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். அதைத் தவறவிட்டால், நிலையக் கூடத்துக்குள்ளேயே வந்து மொத்தத் தொகை பேசும் ஓட்டுநர்களோடு போகாமல், வெளியே வரிசையில் நிற்கும் மீட்டர் டாக்சியில் ஏறுங்கள்.