முட்டுவலி அம்மாவோடு சிங்கப்பூர் குரூஸ்

அம்மாவுக்கு முட்டுவலி, அப்பா சுத்த சைவம், சிங்கப்பூரிலிருந்து மலேசியாவின் பினாங்கு, தாய்லாந்தின் புக்கெட் போகும் 4 இரவு குரூஸ் கப்பல் பயணம் சரிவருமா என்று கேட்டிருந்தீர்கள். தாராளமாகப் போங்கள். பெட்டியை ஒருமுறை பிரித்து வைத்தால் போதும், ஊர்தான் நம்மைத் தேடி வரும். நான் கூட்டிப்போனபோது, விடிகாலையில் டீயும் கையுமாக மேல்தளத்தில் உட்கார்ந்த என் அம்மா, டீ ஆறியதுகூடத் தெரியாமல் கடலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சிக்கல் புக்கெட்டில்தான். பினாங்கில் கப்பல் ஜார்ஜ் டவுன் துறையிலேயே கட்டும், லிட்டில் இந்தியா பக்கம். புக்கெட்டில் பெரிய கப்பல்கள் பெரும்பாலும் படோங் கடற்கரைக்கு அப்பால் நங்கூரமிடும். சின்னப் படகுக்கு மாறித்தான் கரைக்குப் போகணும். அலையில் ஆடும் படகில் அந்த ஒரு எட்டு வைப்பதற்குள் அம்மா என் தோளை நசுக்கிவிட்டார். முட்டுவலி அதிகமென்றால் அன்றைக்குக் கப்பலிலேயே இருக்கட்டும்.

அறையைக் கீழ்த்தளத்தில், நடுப்பகுதியில் எடுங்கள், ஆட்டம் குறைவு. சைவம் என்பதை முன்பதிவிலேயே சொல்லிவிடுங்கள். டிக்கெட்டோடு செலவு முடியாது. தினசரி டிப்ஸ், வைஃபை எல்லாம் பெரும்பாலும் தனி. இந்திய பாஸ்போர்ட் என்றால் சிங்கப்பூர் விசா பலமுறை நுழைவுக்கானதா என்று இப்போதே பாருங்கள். கப்பலில் திரும்பி வந்து இறங்குவதும் ஒரு நுழைவுதான்.